ஏற்றிய கார் டிரெய்லரை உங்கள் வண்டி இழுக்குமா? கிளம்புவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் வீடு மாறும்போது, இரண்டாவது காரை டிரெய்லரில் ஏற்றி நாமே இழுத்துக்கொண்டு போய்விடலாமே என்ற யோசனை பல குடும்பங்களில் வரும். நியூ ஜெர்ஸியிலிருந்து டல்லஸ், பே ஏரியாவிலிருந்து ஆஸ்டின் என்று தூரம் கூடக்கூட ஆசையும் கூடும். "என் எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்கும், கேம்ரி 3,300 பவுண்டுதானே" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. டிரெய்லருக்கும் எடை உண்டு என்பது ஒன்று. இழுக்கும் சக்தி தீர்வதற்கு முன்பே வண்டி சுமக்கும் சக்தி தீர்ந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதல் நான்கு படிகளுக்குக் காசு செலவில்லை, வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இணைப்பு) பொருத்தி, டிரெய்லரும் புக் செய்துவிட்டு, அப்புறம் கணக்குப் பார்ப்பவர்களுக்கு மனம் "பரவாயில்லை" என்ற பதிலைத்தான் தேடும். வண்டி ஸ்டிக்கர்கள் எல்லாம் பவுண்டில் இருப்பதால் இங்கும் பவுண்டுதான். ஒரு கிலோ சுமார் 2.2 பவுண்டு.

1. முதலில் எண்களைச் சேகரியுங்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

- ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் இரண்டு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றில் ஜி.வி.டபிள்யூ.ஆர், அதாவது வண்டி ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. அதிலேயே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி உச்சம்.
- இன்னொன்று டயர் ஸ்டிக்கர். அதில் டயர் காற்றழுத்தமும், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற ஒரு வரியும் இருக்கும். அதுதான் உங்கள் பேலோட். வட்டம் போட்டு வையுங்கள்.
- ஓனர்ஸ் மேனுவலில் டிரெய்லர் இழுப்பது பற்றிய அத்தியாயம்.
- வண்டியின் பின்னால் ஹிட்ச் ஏற்கெனவே இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் லேபிள்.
- டிரெய்லரின் வெற்று எடை, அதன் உச்ச எடை.
- ஏற்றப்போகும் காரின் எடை.

விளம்பரத்தில் வந்த எண்ணையோ டீலர்ஷிப்பில் வாய்வழி சொன்ன எண்ணையோ எழுத வேண்டாம். அது அந்த மாடலிலேயே மிக அதிகம் இழுக்கும் வகைக்கான எண்ணாக இருக்கும். ஃபோர்டு எஃப்-150 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின், பின் அச்சு விகிதம், டோயிங் பேக்கேஜ் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே பெயருள்ள வண்டிக்குள் பல ஆயிரம் பவுண்டு வித்தியாசம் வரும்.

2. டிரெய்லரையும் காரையும் சேர்த்துக் கூட்டுங்கள்

யூஹால் என்ற வாடகை நிறுவனம் தரும், நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஆட்டோ டிரான்ஸ்போர்ட் டிரெய்லர் காலியாகவே 2,210 பவுண்டு. அதில் ஏற்றக்கூடிய கார் அதிகபட்சம் 5,290 பவுண்டு, மொத்தம் 7,500. சொந்தமாக வாங்கும் சாதாரண இரட்டை அச்சு கார் டிரெய்லரும் ஏறத்தாழ 2,000 பவுண்டு வரும்.

இப்போது கூட்டுங்கள். கேம்ரி 3,300, டிரெய்லர் 2,210, மொத்தம் 5,510. சிவிக் ஏறத்தாழ 2,900 என்று வைத்தாலும் 5,110. டெஸ்லா மாடல் ஒய் 4,400 பக்கம் வரும், அப்போது 6,600ஐத் தாண்டும். மின்சாரக் கார் உருவத்தில் சின்னதாக இருக்கிறதே என்று எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

ஆக, "5,000 பவுண்டு இழுக்கும்" என்று பெயரெடுத்த குடும்ப எஸ்யூவி, இன்று ஓடும் ஒரு சாதாரண செடானைக்கூட இந்த டிரெய்லரில் இழுக்க முடியாது. ஹைலேண்டர், பைலட், டெலுரைட் வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வாடகை டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டுவது, அல்லது காரைத் தனியாக ஷிப்பிங்கில் அனுப்புவது, இரண்டில் ஒன்றுதான் வழி.

காருக்குள் பெட்டிகளை அடைத்து அனுப்பும் எண்ணம் இருந்தால் அந்த எடையும் இந்தக் கூட்டலில் வர வேண்டும். வாடகை டிரெய்லரில் அதற்கு அனுமதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. உங்கள் வண்டியின் இழுக்கும் எண், உங்கள் வண்டியுடையதுதானா?

மேனுவலில் எஞ்சின், டிரைவ், பேக்கேஜ் வாரியாக அட்டவணை இருக்கும். அதில் உங்கள் வரியைத் தேடுங்கள். ஹோண்டா பைலட் ஆல் வீல் டிரைவ் 5,000, டூ வீல் டிரைவ் 3,500. 2020-22 ஹைலேண்டரில் வி6 5,000, ஹைபிரிட் 3,500. பின்னால் உள்ள எழுத்து மட்டும்தான் வேறு, வெளியே பார்த்தால் ஒரே வண்டி.

இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். எஸ்.ஏ.இ ஜே2807 என்பது கம்பெனிகள் பின்பற்றும் சோதனை முறை. அதில் அரிசோனாவின் டேவிஸ் டேம் பக்கத்து ஏற்றத்தில், வெயிலில், ஏசியை முழுசாக வைத்து ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாக அது எடுத்துக்கொள்வது 150 பவுண்டு ஓட்டுநர், பக்கத்தில் 150 பவுண்டு ஒருவர், அவ்வளவுதான். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் ஒரு கூலர், டிக்கியில் வெட் கிரைண்டர் என்று கிளம்பும் நம் குடும்பம் அந்தச் சோதனையில் இல்லை.

அதனால் என் வழக்கம், 2ஆம் படியில் வந்த மொத்தம் இழுக்கும் எண்ணின் 80 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. இது சட்டம் அல்ல, என் பயம். மலைப்பாதை வழியில் இருந்தால் இன்னும் குறைப்பேன். டர்போ இல்லாத எஞ்சின், உயரம் ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

4. பேலோட்: பெரும்பாலானோர் தோற்கும் இடம்

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. ஒரு பங்கு ஹிட்ச் வழியாக உங்கள் வண்டியின் பின்பக்கத்தில் உட்காரும். அதற்குப் பெயர் டங் வெயிட். கார் டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும்.

குறைத்துவிட்டால் என்ன? மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு தடுமாறும். இங்கேயும் அதேதான், 60 மைல் வேகத்தில். பின்பாரம் ஏறிய டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். ஆகவே பேலோட் போதவில்லை என்று டங் வெயிட்டில் கைவைக்கக் கூடாது.

இந்த எடை உங்கள் பேலோடில் கழியும். ஒரு பிக்கப்பை வைத்துக் கணக்குப் போடுவோம். இழுக்கும் எண் 9,000. கதவில் உள்ள பேலோட் 1,540. இழுக்கப்போவது 5,510 பவுண்டு, அதில் 12 சதவீதம் டங் வெயிட் என்றால் சுமார் 660.

- அப்பா, அம்மா: 330
- இரண்டு பிள்ளைகள்: 150
- ஹிட்ச் பாலும் (டிரெய்லர் மேலே உட்காரும் இரும்பு உருண்டை) அதைத் தாங்கும் மவுண்டும்: 30
- பின் தொட்டியில் சாமான்: 330
- டங் வெயிட்: 660

கூட்டினால் 1,500. மிச்சம் 40 பவுண்டு. இழுக்கும் எண்ணில் மட்டும் 3,490 பவுண்டு மிச்சம் இருக்கிறது! ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் கூட வருகிறார் என்றால் வண்டி எல்லை தாண்டிவிட்டது.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஹிட்சில் உட்காரும் எடையை இழுக்கும் எண்ணில் மட்டும் சேர்த்துவிட்டுப் பேலோடில் கழிக்க மறப்பது ஒன்று. ஸ்டிக்கர் ஃபாக்டரியில் இருந்து வந்த வண்டிக்கானது என்பதை மறந்து, பின்னாளில் போட்ட தொட்டி மூடி, பக்கப் படி, பெரிய டயர் இவற்றைக் கழிக்காமல் விடுவது இன்னொன்று. மூன்றாவது, பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று காற்றுப் பை ஸ்பிரிங் வாங்கிப் போடுவது. அது வண்டியை நிமிர்த்தும், ஸ்டிக்கரில் உள்ள எண்ணை உயர்த்தாது. அச்சும் பிரேக்கும் பழையதுதான்.

5. ஹிட்ச், பால், உயரம்

ஹிட்ச் லேபிளில் பெரும்பாலும் இரண்டு ஜோடி எண்கள் இருக்கும். நேராக மாட்டினால் இவ்வளவு, எடையைப் பகிரும் ஹிட்ச் (பின்பக்கம் உட்காரும் எடையை இரண்டு கம்பிகளால் முன் அச்சுக்கும் பகிர்வது) போட்டு மாட்டினால் இவ்வளவு என்று. வெறும் பாலை மட்டும் மாட்டிவிட்டுப் பெரிய எண்ணைப் படிப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். 5,000 பவுண்டைத் தாண்டினால் எடையைப் பகிரும் ஹிட்ச் கட்டாயம் என்று சில பிக்கப் மேனுவல்கள் சொல்கின்றன. வாடகை டிரெய்லரில் அந்தக் கம்பிகளைப் பொருத்த இடமோ அனுமதியோ இல்லாமல் போகலாம். அப்படியானால் அந்த ஜோடி சேராது என்றுதான் அர்த்தம்.

ரிசீவர் (வண்டியின் அடியில் உள்ள சதுரக் குழாய்), அதில் நுழையும் மவுண்ட், பால் மூன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. மூன்றில் சிறியதுதான் உங்கள் எண். பாலின் அளவு தலையில் பொறித்திருக்கும். 2 அங்குல கப்ளரில் (பாலின் மேல் கவியும் டிரெய்லரின் மூக்கு) 1⅞ அங்குலப் பால் உட்கார்ந்ததுபோல் காட்டும், தாழ்ப்பாளும் விழும், மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடும். மாட்டி முடித்ததும் டிரெய்லரின் ஜாக்கை ஏற்றிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும், அப்போதுதான் பிடித்திருக்கிறது.

டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கியிருந்தால் எடை பின்னால் போகும். உயரம் சரிவராவிட்டால் தாழ்வான மவுண்ட் வாங்குங்கள்.

பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். பால் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தாங்கி நிற்கும்.

6. பிரேக்கும் வயரிங்கும்

எத்தனை பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் 3,000 பவுண்டு. கார் ஏற்றிய டிரெய்லர் அதை எப்படியும் தாண்டும் என்பதால் பிரேக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யூஹால் டிரெய்லரில் இருப்பது சர்ஜ் பிரேக். நீங்கள் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் வேகத்திலேயே அது இயங்கும், வண்டிக்குள் எதுவும் பொருத்த வேண்டாம். சொந்த டிரெய்லர்களில் பெரும்பாலும் மின்சார பிரேக். அதற்கு வண்டிக்குள் டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும், வண்டியின் பின்னால் 7 பின் சாக்கெட்டும் வேண்டும். 4 பின் சாக்கெட்டில் விளக்கு மட்டும்தான் எரியும். பின்னால் விளக்கு எரிகிறது, எல்லாம் சரி என்று பிரேக்கே இல்லாமல் கிளம்புவது இப்படித்தான்.

கன்ட்ரோலரைச் சரிசெய்ய, காலியான பார்க்கிங் இடத்தில் 20 மைல் வேகத்தில் போய் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள். சக்கரம் பூட்டாமல், ஆனால் வண்டியைப் பின்னுக்கு இழுப்பது தெரியும் அளவில் வையுங்கள். காரை ஏற்றிய பிறகு மறுபடியும் பாருங்கள், எடை மாறினால் அளவும் மாறும்.

7. டயர்

டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிச் சாகும். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், பள்ளம் புதிதாகத் தெரிந்தாலும் நெடும்பயணத்துக்கு வேண்டாம்.

எஸ்.டி (டிரெய்லர் டயர்) 205/75ஆர்15 அளவில் லோட் ரேஞ்ச் (டயரின் சுமை வகை) சி டயர் 50 பி.எஸ்.ஐயில் 1,820 பவுண்டு தாங்கும். அதே அளவில் டி, 65 பி.எஸ்.ஐயில் 2,150. காற்றைக் குறைத்தால் இந்த எண்ணும் குறையும். அதனால் வண்டி ஓடாத குளிர்ந்த நிலையில் பிரஷரைப் பாருங்கள். இழுக்கும் வண்டியின் பின் டயரையும் மறக்க வேண்டாம்.

8. காரை ஏற்றுதல்

எஞ்சின் முன்னால் உள்ள காரை முன்பக்கமாகவே ஓட்டி ஏற்றுங்கள். பாரத்தில் 60 சதவீதம் டிரெய்லரின் முன்பாதியில் விழ வேண்டும். பின்பக்கமாக ஏற்றினால் எஞ்சின் வால்பக்கம் போய்விடும், 4ஆம் படியில் சொன்ன ஆட்டம் நிச்சயம்.

சொந்த டிரெய்லரில் காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தித்தான் டங் வெயிட்டைச் சரிசெய்ய வேண்டும். மின்சாரக் காரில் பேட்டரி அடித்தளம் முழுக்கப் பரவியிருப்பதால், பெட்ரோல் கார் நின்ற அதே இடத்தில் நிறுத்தினால் மூக்கு லேசாகிவிடும். இன்னும் முன்னால் போக வேண்டியிருக்கும்.

கட்டும்போது நான்கு மூலையிலும் நான்கு பட்டை. சக்கரத்தின் மேல் போகும் வலைப்பட்டைதான் நல்லது. சேஸியில் கட்டினால் கார் தன் சஸ்பென்ஷனில் குதிக்கக் குதிக்கப் பட்டை தளரும். சக்கரத்தைக் கட்டினால் மேலே உடல் ஆடினாலும் பிடி மாறாது. பட்டையில் இரண்டு எண் அச்சடித்திருக்கும், 10,000 என்பது அறுந்துபோகும் எடை, 3,333 என்பது வேலை எடை. கணக்குக்கு எடுக்க வேண்டியது சின்னதை.

காரைப் பார்க்கில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். சாவியைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

9. எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள்

இதுவரை போட்டது தாளில் போட்ட கணக்கு. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். இருபது டாலருக்குள் முடியும், கார்க்காரர்களும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முன் அச்சு ஒரு மேடையில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி போங்கள். எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பெட்ரோல் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும்.

பிறகு சமதளத்தில் டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் மறுபடி எடை போடுங்கள். மறு எடைக்குக் கட்டணம் மிகக் குறைவு. நம் பிக்கப்பின் சீட்டுகள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்.

- வண்டி மட்டும்: முன் 3,180, பின் 2,920, மொத்தம் 6,100
- டிரெய்லருடன்: முன் 2,940, பின் 3,820, டிரெய்லர் 4,850, மொத்தம் 11,610

11,610இல் 6,100 போனால் டிரெய்லர் 5,510. இரு அச்சும் சேர்ந்து 6,760, அதில் 6,100 போனால் டங் வெயிட் 660. பன்னிரண்டு சதவீதம், அருமை. வண்டியின் உச்சம் 6,800, அதற்கும் 40 பவுண்டு கீழே. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய ஜி.சி.டபிள்யூ.ஆர் என்ற எண் மேனுவலில் இருக்கும், அதையும் 11,610உடன் ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரிதானே என்று கிளம்பிவிடாதீர்கள். இந்த வண்டியின் பின் அச்சு உச்சம் 3,800. சீட்டில் 3,820! மொத்தத்தில் பாஸ், பின் அச்சில் ஃபெயில். ஹிட்ச், பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் 660 பவுண்டு வைத்தால் பின் அச்சில் 900 ஏறும், மீதி 240 முன் அச்சிலிருந்து எழும்பும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங்கும் லேசாகும்.

பின் தொட்டியின் கடைசியில் வைத்த பெட்டிகளை எடுத்துப் பின் சீட்டுப் பக்கம் நகர்த்தினால் பின் அச்சு இறங்கிவிடும். மொத்தம் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். மொத்தமும் இடித்தால், அந்தப் பெட்டிகளை பார்சலில் அனுப்பிவிடுங்கள்.

10. இன்சூரன்ஸ்

ஏஜெண்டுக்கு ஒரு மெயில் போட்டு, டிரெய்லருக்கும் அதன் மேல் உள்ள காருக்கும் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு இந்த டிரெய்லரைத் தர வாடகை கவுன்டரில் கம்ப்யூட்டர் மறுக்கிறது என்பதற்காக வேறு மாடல் பெயரைச் சொல்லி எடுக்கும் கெட்டிக்காரத்தனம் வேண்டவே வேண்டாம். ஒப்பந்தத்தில் இருக்கும் வண்டி வேறு, விபத்தில் இருக்கும் வண்டி வேறு என்றால் உங்கள் பக்கம் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

11. சாலையில்

முதல் ஐந்து பத்து மைலில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் இறுக்குங்கள். கார் டிரெய்லரில் அமர்ந்து இடம் பிடித்துக்கொள்ளும்போது பட்டை தளர்வது வழக்கம்.

வேகம் 55. யூஹால் தன் டிரெய்லர்களுக்கு வைத்திருக்கும் எல்லை அது. கலிஃபோர்னியாவில் எந்த டிரெய்லர் இழுத்தாலும் சட்டமே 55தான். நேரத்தைக் கணக்கிடும்போது கூகுள் மேப் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள், அது டிரெய்லர் இல்லாத கார்களின் வேகத்தை வைத்துச் சொல்வது.

இறக்கத்தில் மேலே இருக்கும்போதே டோ ஹால் மோடை (பாரம் இழுக்கும்போது போடும் கியர் அமைப்பு) போட்டுக் கியரைக் குறையுங்கள். வேகம் ஏறிய பிறகு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே அது சூடேறி வலுவிழக்கும்.

டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பினால் அது பெருகும். கன்ட்ரோலர் இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள், அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். அடங்கியதும் ஓரம் கட்டி, பாரம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு அப்படியே போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம், காரணம் இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இறங்கி ஒரு சுற்று வாருங்கள். பட்டை, சங்கிலி, பிளக். டிரெய்லரின் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்று ஒரே சூட்டில் இருந்து நான்காவது மட்டும் தகித்தால், அங்கே பேரிங் போகிறது அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாடகை டிரெய்லராக இருந்தால் அங்கிருந்தே அவர்களின் சாலை உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.